துரையின் சத்தமில்லாத சிரிப்பு

மார்ச் 3

தம்பியைக் குழந்தைகள் ஆஸ்பத்திரியிலிருந்து இன்று வழியனுப்பிவிட்டார்கள். பதினெட்டு முடிந்துவிட்டதாம். நடக்க வராது, பேச வராது, ஒரு வாய்ச் சாப்பாட்டைக்கூட மசித்து யாராவது ஊட்ட வேண்டும். ஆனால் சட்டப்படி ஐயா பெரிய மனிதர். உட்கார்ந்த இடத்துக்கே எல்லாம் வந்து சேர வேண்டும் என்று பிறந்தவன் என்பதால்தான் சின்ன வயதிலேயே அவனுக்குத் துரை என்று பேர் வைத்தேன். வீட்டில் அந்தப் பேர்தான் நிலைத்துவிட்டது.

டாக்டரம்மா பல் முளைக்காத வயதிலிருந்து அவனைப் பார்க்கிறவர். எப்போதும் முதலில் அவனிடம்தான் கேட்பார். "என்ன துரை, இன்னைக்கு எப்படி இருக்கீங்க?" கேட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பார். அதற்கப்புறம்தான் அம்மா பக்கம் திரும்புவார். இன்றும் அப்படியே கேட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க இரண்டு பக்கத்துக்கு எழுதித் தந்தார். அங்கே வலிப்புக்கு ஒரு மாடி, எலும்புக்கு ஒரு மாடி, வயிற்றுக்கு வேறு கட்டடம், எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல இனிமேல் நீங்கள்தான் இருக்கிறீர்கள் என்றார்.

லிஃப்டில் அம்மா அழுதாள். பையன் பாஸ் பண்ணிட்டான்னு நெனச்சுக்கயேன், எதுக்கு ஒப்பாரி என்று நான் கடித்ததும் துரைக்கு ஒரே குஷி. வாயைத் திறந்துகொண்டு, தோள் இரண்டும் குலுங்க, ஒரு பொட்டுச் சத்தமில்லாமல் சிரித்தான். நான் யாரையாவது திட்டினால் போதும் அவனுக்கு.

மார்ச் 11

பெரிய ஆஸ்பத்திரி. சீட்டு எழுதுகிறவர் பேஷன்ட்டே பேரைச் சொல்லட்டும் என்றார். துரை பெரிய இடம், எடுபிடிகள் மூலமாகத்தான் பேசுவார் என்றேன். அவர் சிரிக்கவில்லை. துரை சிரித்தான்.

எடை பார்க்கிற இடத்தில் நிற்கச் சொன்னார்கள். நிற்கத் தெரிந்தால் நாங்கள் ஏன் இங்கே வருகிறோம்? கடைசியில் நான் அவனைத் தூக்கிக்கொண்டு ஏறி, அப்புறம் நான் மட்டும் ஏறி, கழித்துக்கொண்டோம். என் எடை வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது.

டாக்டர் நல்ல மாதிரிதான். சின்ன வயசு. கேட்ட கேள்வி எல்லாம் எங்களைக் கேட்டார். அம்மா மெதுவாக, "இவனுக்கு வலிச்சாங்க..." என்று தொடங்கினாள். அதற்குள் அவருக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போனவர் திரும்பி வந்து அடுத்த சீட்டைக் கூப்பிட்டார். அம்மாவும் எழுந்துவிட்டாள். வெளியே வந்து ஏம்மா சொல்லல என்று கேட்டால், அடுத்த வாட்டி சொல்லிக்கலாம் என்கிறாள்.

அவள் சொல்ல வந்தது இதுதான். துரைக்குச் சந்தோஷம் வந்தால் சத்தம் வராது. வலி வந்தால்தான் சத்தம் போட்டுச் சிரிப்பான். கெக்கெக்கே என்று, நிறுத்தாமல், கண்ணை இமைக்காமல். கைக்குழந்தையாக இருந்தபோது காதில் சீழ் வைத்து மூன்று நாள் அப்படிச் சிரித்தானாம். பிள்ளைக்கு என்ன சந்தோஷமோ என்று வீடே கூடி நின்று ரசித்திருக்கிறது. நரம்பு அப்படி அமைந்துவிட்டது என்று டாக்டரம்மா பிறகு சொன்னார். குழந்தைகள் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவர்களுக்குக்கூட இது தெரியும். அதனால்தானோ என்னவோ அந்த இரண்டு பக்கத்தில் இது இல்லை.

மார்ச் 30

மாமா வந்திருந்தார். அம்மாவின் தம்பி. பார்சல் வேன் ஓட்டுகிறார். கல்யாணம் காட்சி என்று எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் துரைக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு ஜோக்குச் சொல்லுவார். இன்றைய சரக்கு: கண்ணாடி ஜாடி பார்சலைக் கீழே போட்டுவிட்டாராம். கதவைத் திறந்த வீட்டுக்கார அம்மாவிடம், "நீங்க ஒண்ணுதான் கேட்டீங்க, நான் பதினாறா கொண்டாந்திருக்கேன், மேற்கொண்டு எதுவும் தர வேணாம்" என்றாராம்.

துரையின் தோள் குலுங்கியது. மாமா ஜோக்கை அதோடு நிறுத்திவிட்டு அவன் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் வரவில்லை. "ஒரு நாளு இவன வாய்விட்டுச் சிரிக்க வெக்கல, நான் இவன் மாமன் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நானும் அம்மாவும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டோம். வழக்கம்போல் மாமாவிடம் சொல்லவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று தெரிந்தால் மனுஷன் வருவதைக் குறைத்துவிடுவார், துரைக்குத்தான் நஷ்டம் என்பது அம்மாவின் கட்சி. எனக்கு அந்த ஏமாந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்கும். துரைக்கும் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 22

மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க லென்ஸ் தேய்த்து, இப்போது என் கண்ணே கலங்கலாகத் தெரிகிறது. துரைக்குச் சளி.

மே 6

சளி நெஞ்சில் இறங்கிக் காய்ச்சல் ஏறிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். ஆண்கள் வார்டு. எங்கள் துரைக்குப் பக்கத்தில் ஒரு தாத்தா, எதிரில் மீசைக்காரர் ஒருவர், நடுவில் இவன் கோழிக்குஞ்சு மாதிரி.

பார்வை நேரம் முடிந்ததும் எங்களை வெளியே போகச் சொன்னார்கள். இவன் பேச மாட்டான், கூட யாராவது இருந்தே ஆக வேண்டும் என்றேன். இருக்கலாம், ஆம்பளையாக இருக்க வேண்டும் என்றார் தலைமை நர்ஸ். "இத்தன ஆம்பளைங்க துணி மாத்துற எடம்மா. மறைப்புக்கு ஒரு துணிதான் தொங்குது. நீங்க இருந்தா அவங்க என்ன பண்ணுவாங்க, சொல்லுங்க?" நானே அந்தப் பக்கம் பார்க்காமல்தான் நின்றுகொண்டிருந்தேன். அப்பா போனதிலிருந்து எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை என்றால் துரைதான். அவனுக்குத் துணையாக அவனையே எப்படி வைப்பது?

மாமாவுக்குப் போன் போட்டேன். வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு வந்தார். தலையணையை எவ்வளவு உயர்த்த வேண்டும், ஸ்பூனை எந்தப் பக்கம் வைக்க வேண்டும், எப்படிப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று அம்மா ஒன்று விடாமல் சொன்னாள். நானும் சொன்னேன். மாமா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டினார். "நீங்க ரெண்டு பேரும் போய் நிம்மதியா தூங்குங்க. நாங்க மாமனும் மருமகனும் பாத்துக்கறோம்" என்றார்.

நிம்மதியாகத்தான் இருக்கிறது. காய்ச்சல் குறைந்திருக்கிறது.

மே 7

காலையில் மாமா அம்மாவுக்குப் போன் செய்தார். குரல் பக்கத்தில் இருந்த எனக்கே கேட்டது. அவ்வளவு உற்சாகம்.

"அக்கா, உன் புள்ளைய ஜெயிச்சுட்டேன்க்கா. ராத்திரி பூரா சிரிப்பு. நான் நிறுத்தினாலும் அவன் நிறுத்தல. நர்ஸம்மாகூட வந்து பாத்துட்டு, நல்லா இருக்கானேன்னுட்டுப் போனாங்க."

அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "சத்தமாவா?"

"சத்தமாத்தான்க்கா. வார்டே கேட்டுச்சு."

எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்று தெரியவில்லை. வயிறு பானையாக வீங்கியிருந்தது. அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான், ஆனால் மூச்சு இல்லாமல், விட்டுவிட்டு. என்னைப் பார்த்தான். நான் வந்துவிட்டேன் என்று அவனுக்குத் தெரிந்தது.

குடல் முறுக்கிக்கொண்டதாம். படுத்தே கிடக்கிறவர்களுக்கு வருமாம். ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ராத்திரியே தெரிந்திருந்தால் நல்ல வாய்ப்பு இருந்திருக்கும் என்றார் அந்தச் சின்ன டாக்டர். ராத்திரியே தெரிஞ்சுதாங்க இருந்துச்சு. வார்டுக்கே தெரிஞ்சிருந்துச்சு.

மே 9

துரை போய்விட்டான். மத்தியானம்.

மே 10

அம்மா அவன் சட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருக்கிறாள்.

மே 21

மாமா வரவில்லை. எல்லாம் முடிந்த அன்று வாசலோடு நின்றுவிட்டுப் போனவர்தான். எப்படி வருவார்? விஷயம் என்ன என்பதை நான்தான் அவரிடம் சொன்னேன், ஆஸ்பத்திரி நடையில் வைத்து. "அது சிரிப்பு இல்ல மாமா, வலி. ராத்திரி பூரா அவன் வலிக்குதுன்னு கத்தியிருக்கான், நீங்க ஜோக்கு சொல்லியிருக்கீங்க." அப்படியேதான் சொன்னேன். அவர் பக்கத்தில் இருந்த சுவரைத் தொட்டுக்கொண்டார்.

எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. ஆனா யார் மேல? அவருகிட்ட தலையணை உயரம் சொன்னோம், ஸ்பூன் சொன்னோம். இத ஏன்டி சொல்லலன்னு என்னையே கேட்டுக்கறேன். வெளையாட்டா மறைச்சு வெச்சு மறைச்சு வெச்சு, அவருக்குத் தெரியாதுங்கறதே மறந்துபோச்சு. நாங்க ரெண்டு பேரும் மறந்துட்டோம். அவரு மேல கோவப்படறது எனக்கு சௌகரியமா இருக்கு, அவ்வளவுதான்.

ஜூன் 8

டாக்டரம்மா வீட்டுக்கு வந்தார். துரையின் சக்கர நாற்காலியைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எல்லோருக்கும் தெரியும் என்பதால் எழுதாமல் விட்டேன் என்று அவரும் அழுதார். அம்மா அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, அவர் தோளைத் தடவிக்கொடுத்தாள். யார் யாருக்கு ஆறுதல் சொல்வது என்ற கணக்கே இல்லாமல் போய்விட்டது.

அவரிடம் வளர்ந்த பிள்ளைகள் இன்னும் பலர் இந்த வருஷம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறார்களாம். அங்கே தலைமை டாக்டரைப் பார்த்துப் பேச என்னைக் கூப்பிட்டார். தும்பை விட்டு வாலைப் பிடிக்கச் சொல்கிறீர்களா என்று கேட்டுவிட்டேன். பாவம், எழுந்து போய்விட்டார்.

எழுதும்போது தோன்றுகிறது. மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் கையில் தும்பு இன்னும் இருக்கிறதே.

ஜூன் 19

போனேன். டாக்டரம்மாவும் கூட வந்தார். தலைமை டாக்டர் மரியாதையாகத்தான் பேசினார். அந்த ராத்திரி வேலையில் இருந்த நர்ஸ் மேல் நடவடிக்கை எடுக்கலாம் என்றார். அந்தப் பெண்ணையும் கூப்பிட்டு நிறுத்தியிருந்தார்கள். என் வயசுதான் இருக்கும். அந்த நீள வார்டு முழுவதற்கும் அவள் ஒருத்தி.

ஏன் கவனிக்கவில்லை என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்: "அழறவங்ககிட்டதான் மொதல்ல ஓடுவேன்க்கா. சிரிக்கறவங்கள கடைசியாத்தான் பாப்பேன்."

நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். இவளை வேறு இடத்துக்கு மாற்றினால் அடுத்து வருகிறவளும் அழுகிறவர்களிடம்தான் முதலில் ஓடுவாள். அவள் மேல் கை வைக்காதீர்கள் என்றேன். ஒரு அறை கொடுங்கள். பேசத் தெரியாத பிள்ளைகளுக்கென்று தனியாக, கதவு வைத்து. அவர்களைத் தெரிந்தவர்கள் கூடவே இருக்கட்டும், ஆணோ பெண்ணோ. சேர்க்கும்போதே, வலித்தால் இவர் என்ன செய்வார் என்று வீட்டாரைக் கேட்டு, அதைக் கட்டில் தலைமாட்டில் எழுதி ஒட்டுங்கள்.

இடம் இல்லை, பார்க்கலாம் என்றார். வார்டுக் கோடியில் உடைந்த கட்டில்களைப் போட்டுப் பூட்டிவைத்திருக்கும் அறையை நான் வரும்போதே பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அதைச் சொன்னேன். அது ஸ்டோர் ரூம் என்றார். உடைந்த கட்டிலுக்குத் தனி அறை கொடுக்கிற ஆஸ்பத்திரியை இன்றுதான் பார்க்கிறேன் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. டாக்டரம்மா என் கையை அழுத்தினார். விழுங்கிவிட்டேன்.

ஜூலை 10

மறுபடி போனேன். பார்க்கலாம்.

ஜூலை 28

இந்த முறை நான் தனி ஆள் இல்லை. டாக்டரம்மா சொல்லி இன்னும் சில அம்மாக்கள், ஒரு அப்பா, பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். தலைமை டாக்டர் அறைக்குள் ஆறு சக்கர நாற்காலிகள் நுழைந்ததும் அவர் நாற்காலியை நகர்த்த இடமில்லாமல் போய்விட்டது. மனுஷன் எழுந்து சுவரோரமாக நின்றுகொண்டுதான் பேசினார். ஒவ்வொரு அம்மாவும் தன் பிள்ளைக்கு வலித்தால் என்ன செய்யும் என்று சொன்னார். ஒருவன் தன் கையைக் கடித்துக்கொள்வானாம். ஒரு பெண் தூங்கிவிடுமாம். இன்னொரு பெண் பாட்டு முனகுமாம். எல்லோரும் சொல்லி முடித்து என்னைப் பார்த்தார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளை சிரிப்பான் என்றேன். சிரிப்பான் என்றே வந்துவிட்டது.

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்கிறார்கள். இந்த அம்மி நகரும்போது எங்கள் துரை இல்லை.

ஆகஸ்ட் 17

அம்மா சாப்பிடும்போது, "என் தம்பியும் எனக்குப் புள்ள மாதிரிதான்டி" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

மாமா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும் திட்டு வாங்க வசதியாக நின்றுகொண்டார். பாதியாக இளைத்துவிட்டார். வேன் ரேடியோவில் யாராவது சிரித்தாலும் அணைத்துவிடுகிறாராம்.

நான் இத்தனை நாள் அவரிடம் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். துரைக்குச் சந்தோஷம் வந்தால் சத்தம் வராது மாமா, தோள்தான் குலுங்கும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நீங்கள் அவனைச் சிரிக்கவைத்தீர்கள். நாங்கள்தான் சொல்லவில்லை.

அவர் தன் தோளை ஆட்டிக் காட்டினார். பிறகு கேட்டார்: "தோளு இப்படி இப்படி ஆடுமே... அதுவா?"

"அதுதான் மாமா."

"நான் அத வலிப்புன்னு நெனச்சேனே. பயந்துபோய் அதோட ஜோக்க நிறுத்திருவேனே."

என்னால் உட்கார முடியவில்லை. இதைச் சொன்னால் அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று வந்தேன். இரண்டு பேரும் அழுதோம். கோபம் எப்போது போயிற்று என்று தெரியவில்லை. திரும்பி வரும்போது அது இல்லை.

அக்டோபர் 5

அறை கிடைத்துவிட்டது. உடைந்த கட்டில்களை அப்புறப்படுத்தி, வெள்ளையடித்து, நான்கு கட்டில் போட்டிருக்கிறார்கள். கதவு இருக்கிறது. கூட இருக்கிறவருக்குச் சாய்ந்துகொள்ள நாற்காலி. வாசலில் யாரும் நீ ஆணா பெண்ணா என்று கேட்கப்போவதில்லை, இந்தப் பிள்ளையைத் தெரியுமா என்றுதான் கேட்பார்களாம். டாக்டரம்மா மாதத்துக்கு ஒரு தரம் அங்கே வந்து, தன்னிடம் வளர்ந்த பிள்ளைகளைப் பார்ப்பார்.

நல்ல செய்தி. அம்மாவிடம் சொன்னேன். "நல்லா இருக்கட்டும்" என்றாள். பார்க்க வருகிறாயா என்று கேட்டதற்கு, பிறகு ஒரு நாள் என்றாள். நான் வற்புறுத்தவில்லை. எனக்கும் பாதி சந்தோஷம்தான் வருகிறது. மீதிப் பாதி, இத்தனை சுலபமாக இருந்ததா என்று கேட்கிறது. பூட்டைத் திறந்து வெள்ளையடிக்க வேண்டியதுதானே இருந்தது?

நவம்பர் 16

துரையின் சக்கர நாற்காலியை அந்த அறைக்குக் கொடுக்க அம்மா ஒரு வழியாகச் சம்மதித்தாள். மாமாவின் வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். வாசலில் வைத்துவிட்டு வந்துவிடலாம் என்றார் மாமா. அவருக்கு அந்த நடைக்குள் வரக் கால் எழவில்லை. நாற்காலி கனம், ஒரு கை பிடியுங்கள் என்று நான்தான் உள்ளே கூட்டிப்போனேன்.

உள்ளே ஒரு பையன் மட்டும் இருந்தான். துரை வயசு இருக்கும். அவன் அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவன் கால் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் நாற்காலியை நிமிர்த்தி வைத்தோம். அவன் அதைப் பார்த்தானோ எங்களைப் பார்த்தானோ, திடீரென்று சிரிக்கத் தொடங்கினான். உரக்க. நிறுத்தாமல்.

மாமா முகத்தில் ரத்தமே இல்லை. நான் திரும்புவதற்குள் நடைக்கு ஓடிவிட்டார். "சிஸ்டர், பையன் சிரிக்கிறான், சீக்கிரம் வாங்க, சிரிக்கிறாங்க" என்று அவர் கத்துவது கேட்டது. அதே நர்ஸ்தான் ஓடிவந்தாள், பையனின் வயிற்றில் கை வைத்து அழுத்திப் பார்த்தாள்.

அந்த அம்மா நகவெட்டியைக் கீழே வைக்கவில்லை. "ஒண்ணுமில்லண்ணே, பயப்படாதீங்க. இவன் நெசமாவே சந்தோஷமா சிரிக்கறான். புது ஆளுங்களப் பாத்தா அப்படித்தான். வலிச்சா இவன் வாயே தொறக்க மாட்டான்."

"நிச்சயமாத் தெரியுமாம்மா?"

"என் புள்ளண்ணே. எனக்குத் தெரியாதா?"

நர்ஸ் தலைமாட்டில் ஒட்டியிருந்த தாளைக் காட்டி மாமாவிடம் ஏதோ சொன்னாள். அவர் அதைப் பார்க்கவில்லை. பையன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். மாமா கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, அவன் சிரித்து முடிக்கிற வரைக்கும் கேட்டார்.

வேனில் வந்து உட்கார்ந்த பிறகும் அவர் வண்டியை எடுக்கவில்லை. நான் அவசரப்படுத்தவில்லை.